ஒத்தப்பனை மேட்டுக்குப் போன குழாய்

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போன மாதம் மூன்று பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். பழவேற்காட்டிலிருந்து ஏரியைத் தாண்டிப் படகில் வந்திருந்தார்கள். மூவருக்கும் என் மகன் வயது இருக்கும். உட்கார்ந்ததும் ஒருத்தி செல்போனில் ரெக்கார்டரைப் போட்டு என் முன்னால் வைத்து, "அம்மா, நீங்க கவுன்சிலரா இருந்தப்போ செஞ்ச சேவைய பத்திச் சொல்லுங்க" என்றாள்.

சேவை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வழக்கம்போல் கோபம் வந்துவிட்டது. திருவிழாவில் மோர் ஊற்றுகிறவர்கள் சேவை செய்கிறார்கள். நான் ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவள். தண்ணீர் இல்லாத இடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவது எனக்குச் சட்டம் கொடுத்த வேலை. அந்த வேலையைச் செய்ததற்கு என் ஊர் எனக்கு என்ன கொடுத்தது, அலுவலகம் என்ன கொடுத்தது என்பதை அந்தப் பெண்களிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. கடைசிப் படகுக்கு நேரமாகிவிட்டது. மீதியையும் சேர்த்து எழுதுகிறேன். இப்போது ஒன்றியத்தில் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் ஒருவரும் இல்லை. பதவிக்காலம் முடிந்து, தேர்தல் வராமல், தனி அலுவலர் ஒருவரே எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறார். "நிம்மதியா கீது, சண்டை சச்சரவு இல்ல" என்று என் ஊரிலேயே சிலர் சொல்கிறார்கள். கேட்க ஆள் இல்லாவிட்டால் சண்டை எப்படி வரும்?

என் பெயர் தேசம்மா. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி, நடுவில் ஒரு கீற்று மணல். அதில் எங்கள் குப்பம். என் வீட்டுக்காரர் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்தபோது மகன் வேலு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரி சந்தைக்குப் போய் அவனை வளர்த்து, படகு வாங்கிக் கொடுத்துக் கடலுக்கு அனுப்பினேன். எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது, யார் நிற்பது என்று கிராமத்தார் கூடிப் பேசினார்கள். எங்கள் பக்கத்தில் கிராமத்தார் என்றால் ஊரை நடத்துகிற ஆண்கள். அவர்களில் பெரியவர் என் மச்சாண்டார், என் வீட்டுக்காரருடைய அண்ணன். ஊரில் இறால் வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டு அனுப்புகிற வியாபாரம் அவருடையது. அவர்தான் என் பெயரைச் சொன்னார். ஏன் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "பத்தாவது படிச்சிருக்கா, கையெழுத்து போடுவா. எதுத்துப் பேச மாட்டா" என்றாராம். அதுவரை நான் அவர் எதிரில் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் எனக்கு இருந்த தகுதி.

ஜெயித்தேன். பயிற்சி என்று கூப்பிட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, ஆளுக்கொரு பையும் புத்தகமும் கொடுத்து, நீங்கள்தான் இந்த நாட்டின் தூண்கள் என்றார்கள். சாம்பார் சாதம் போட்டார்கள். ஊருக்குத் திரும்பினோம். அவ்வளவுதான் பயிற்சி.

உண்மையான பாடம் ஒன்றியக் கூட்டத்தில் நடந்தது. கூட்டம் நடக்கிற விதத்தைச் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்த மூன்று பெண்களுக்கும் அது தெரியவில்லை. மேஜை மேல் மிக்சரும் டீயும் வந்துவிடும். எழுத்தர் எழுந்து நின்று பொருள் நிரலைப் படிப்பார். படிப்பார் என்பது மரியாதைக்குச் சொல்வது. நெல் மூட்டை சரிகிற மாதிரி ஒரே மூச்சில் கொட்டுவார். ஒவ்வொன்றின் கடைசியிலும் "மன்றத்தின் ஒப்புதலுக்கு" என்பார். நாம் மிக்சரை மென்றுகொண்டிருக்கும்போதே அது ஒப்புதல் ஆகிவிடும். கடைசியில் வருகைப் பதிவேடு வரும். அதில் போடுகிற கையெழுத்துத்தான் அத்தனை தீர்மானத்துக்கும் போட்ட கையெழுத்து. முதல் இரண்டு கூட்டங்களில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது கூட்டத்தில் எழுந்து நின்று, "கொஞ்சம் நிறுத்திப் படிங்க சார், எனக்கு மீன் வெல கேட்டுதான் பழக்கம், ஒண்ணொண்ணா சொல்லணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எழுத்தர் நிறுத்திப் படித்தார். அன்றிலிருந்து என் பொருள் வரும்போதாவது நிறுத்திப் படித்தார்.

அந்த அலுவலகத்தின் பெரிய அதிகாரி பி.டி.ஓ. அவர் பெயர் வேண்டாம். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. குரலை உயர்த்தமாட்டார், யாரையும் நிற்க வைக்கமாட்டார், நாற்காலி போடச் சொல்வார். முடியாது என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எது கேட்டாலும், "செஞ்சிடலாம் மேடம்." ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. செய்யப்போகிற காரியம் என்றால் நம்மைப் பார்த்துக்கொண்டே கேட்பார். செய்யப்போவதில்லை என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, பாக்கெட்டிலிருந்து மஞ்சள் துணி எடுத்து மெதுவாகத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரில் இருக்கிற ஆள் தெரியாது. நம் முகம் தெரியாமல் இருக்கிற அந்த நேரத்தில்தான் அவர் "செஞ்சிடலாம்" என்பார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

அந்த ஒரு வருடத்தில்தான் எங்கள் ஊர்க் கழிப்பறை கட்டினார்கள். பெண்களுக்கான கழிப்பறை. அதன் வாசலை, ஆண்கள் உட்கார்ந்து வலை பின்னுகிற இடத்தைப் பார்த்து வைத்தார்கள். அஸ்திவாரம் தோண்டும்போதே போய்ச் சொன்னேன். "ஒரு பொம்பள இதுக்குள்ள போவாளா சார்? வாசல ஏரிப் பக்கம் திருப்புங்க." இன்ஜினியர் காகிதத்தை விரித்துக் காட்டி, "பிளான்ல இப்படித்தான் இருக்கு" என்றார். பி.டி.ஓ.விடம் போனேன். கண்ணாடியைத் துடைத்தார். கட்டி முடித்தார்கள், கல்வெட்டில் என் பெயரையும் பொறித்தார்கள், ஒரு பெண்கூடப் போகவில்லை. இப்போது அதில் பழைய வலை போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்வெட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என் பெயரை உளியால் கொத்தி எடுக்கத் தோன்றும்.

இனி ஒத்தப்பனை மேட்டுக்கு வருகிறேன்.

எங்கள் குப்பத்துக்குப் பின்னால், ஏரி ஓரமாக நடந்தால் வருகிற மேடு அது. அங்கே இருக்கிறவர்கள் ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்கள். எங்கள் ஊர் உண்டாவதற்கு முன்பே அந்தக் கரையில் இருந்தவர்கள் என்று எங்கள் ஆட்களே சொல்வார்கள். அவர்களிடம் படகு இல்லை, வலை இல்லை. பனையோலையில் பின்னிய பறி என்ற கூடையின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றில் குந்தி, இரண்டு கையாலும் துழாவி இறாலைப் பிடித்துப் பறியில் போடுவார்கள். பெண்கள் காலையில் இறங்கினால் வெயில் சாய்கிறவரை உப்புத் தண்ணீரில்தான் இருப்பார்கள். கிளிஞ்சல் கிழித்த கால், உப்பில் ஊறி வெளுத்த விரல். கரையேறி உடம்பில் ஊற்ற ஒரு குடம் நல்ல தண்ணீர் அவர்களுக்குக் கிடையாது.

குழாய் இருந்தது. எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து போகிற குழாயின் கடைசி முனை மேடுதான். ஆனால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து உறிஞ்சினார்கள். தொட்டியைத் திறந்ததும் தெரு முழுக்க மோட்டார் சத்தம் கேட்கும். மேட்டுக் குழாயில் காற்றுதான் வரும். அந்தப் பெண்கள் குடத்தோடு எங்கள் தெருக் குழாய்க்கு வந்தால், ஊர்க் குடம் எல்லாம் நிறைந்த பிறகுதான் அவர்கள் குடம் வைக்கலாம். அதற்குள் தண்ணீர் நின்றுவிடும். அவர்கள் பிடிக்கிற இறாலை என் மச்சாண்டார் கை நீட்டி வாங்குவார். அவர்கள் குடம் எங்கள் குடத்தின் மேல் பட்டால் கழுவிவிட்டுப் பிடிக்கச் சொல்வார். இதில் யாருக்கும் வெட்கம் இல்லை.

மேட்டில் மங்கா என்ற பெண்தான் என்னிடம் வந்து பேசுவாள். பேசுவாள் என்ன, திட்டுவாள். "ஓட்டு கேக்க வந்தப்போ கீழ குந்தி டீ குடிச்ச. இப்ப நீ இன்னாக்கா கவுன்சிலரு? வாசல்ல நின்னு கூப்புட வேண்டிகீது." அவளுடைய வீட்டுக்காரன் ஏழுமலை அதிகம் பேசாதவன். ஏரியோரம் மணலில் ஊற்றுத் தோண்டி, அதில் சுரக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டி வீட்டுக்கு எடுத்துப் போவான். மேட்டில் எல்லோரும் அந்த ஊற்றில்தான் எடுத்தார்கள்.

மோட்டாரை எடுக்கவேண்டும் என்று பி.டி.ஓ.விடம் மனு மேல் மனு கொடுத்தேன். கண்ணாடி துடைப்பு. மச்சாண்டாரிடம் வேலுவை விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "உங்கம்மாவ அவ வேலைய பாக்கச் சொல்லு" என்றாராம். நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

மழை பெய்து ஏரி நிரம்பி, ஊற்றுக்குள் ஏரித் தண்ணீர் புகுந்த சமயத்தில் மேட்டில் வாந்தியும் பேதியும் வந்தது. முதலில் குழந்தைகள், பிறகு பெரியவர்கள். நான் போய்ப் பார்த்தபோது நடக்க முடிந்தவர்கள் நடக்க முடியாதவர்களைப் படகுக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை மற்றவர்களைத் தூக்கிவிட்டு, கடைசியில் தானும் விழுந்தான். படகு ஏரி நடுவில் போகும்போதே அவன் உயிர் போய்விட்டது. மங்கா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அக்கரை வருகிறவரை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் படகைத் திருப்பிவிடுவார்கள், மற்றவர்களுக்கு வைத்தியம் கிடைக்காமல் போய்விடும் என்று பயந்திருக்கிறாள். இதை அவள் எனக்கு வெகுநாள் கழித்துச் சொன்னாள்.

மற்றவர்கள் பிழைத்தார்கள். சுகாதாரத்துறை ஆட்கள் வந்து பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். அடுத்த ஒன்றியக் கூட்டத்தில் நான் இந்தச் சாவைப் பற்றிக் கேட்டேன். மங்காவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது என்று அவளைக் கதவோரம் நிறுத்திவிட்டார்கள். பி.டி.ஓ. ஒரு தாளை எடுத்து நிதானமாகப் படித்தார். தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். நோய் கட்டுக்குள் இருக்கிறது. இறந்தவர் குடிப்பழக்கம் உள்ளவர் எனத் தெரியவருகிறது.

மிக்சர் மெல்லுகிற சத்தம் கேட்டது. அப்போது கதவோரத்திலிருந்து மங்காவின் குரல் வந்தது.

"ஆமா சார். குடிச்சுதான் செத்தாரு. தண்ணி குடிச்சு செத்தாரு."

பி.டி.ஓ. நிமிர்ந்தார். "யாரும்மா அது?"

"அவரு பொண்டாட்டி. சாராயத்த அவரு மோந்துகூட பாத்தது இல்ல. நீங்க குடுக்காத தண்ணிக்கு மண்ணத் தோண்டி, அத்த குடிச்சு செத்தாரு. எழுதறதுன்னா அத்த எழுதுங்க."

ஒன்றியத் தலைவர் மேஜையைத் தட்டினார். உதவியாளர் மங்காவின் கையைப் பிடிக்கப் போனார். பி.டி.ஓ. கண்ணாடியைக் கழற்றினார். எனக்குள் அதுவரை அடங்கி இருந்த ஏதோ ஒன்று அந்த மஞ்சள் துணியைப் பார்த்ததும் அறுந்துவிட்டது. "கண்ணாடிய மாட்டுங்க சார்" என்று கத்தினேன். "மாட்டிகினு அவ மூஞ்சப் பாத்துப் பேசுங்க." அவர் மாட்டிக்கொண்டார். ஆனால் அந்தத் தாளில் எழுதியிருந்ததை மாற்றவில்லை. இன்றைக்கும் எங்கோ ஒரு பீரோவில் ஏழுமலை குடிகாரனாகத்தான் இருக்கிறான்.

அன்று படகில் திரும்பும்போது முடிவு செய்தேன். மோட்டார்களை எடுக்க யாரும் வரப்போவதில்லை. தொட்டியிலிருந்து மேட்டுக்கு நேராகத் தனிக் குழாய் போட்டுவிட்டால், நடுவில் எந்த வீட்டுக்கும் இணைப்பு இல்லாமல், அதற்கென்று தனி வால்வு வைத்துவிட்டால், மோட்டார் எத்தனை ஓடினாலும் மேட்டுத் தண்ணீரைத் தொட முடியாது. என் வார்டுக்கு அந்த வருடம் ஒதுக்கியிருந்த பெரிய வேலை, எங்கள் ஊரில் கோயிலிலிருந்து மச்சாண்டார் வீடு வரைக்கும் சிமெண்ட் ரோடு. கவுன்சிலர் எழுதிக் கொடுத்து, மன்றம் ஒப்புக்கொண்டால் வேலையை மாற்றலாம். எழுதிக் கொடுத்தேன்.

பி.டி.ஓ. படித்துவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணாடியோடுதான் பார்த்தார். "யோசிச்சுத்தான் கேக்கறீங்களா மேடம்? இது உங்க தெரு ரோடாச்சே."

"எங்க தெருல மணல்ல நடக்கலாம் சார். மணலக் குடிக்க முடியாது."

அடுத்த கூட்டத்தில் எழுத்தர் அந்தப் பொருளை நிறுத்திப் படித்தார். எனக்குத் தெரிந்த இரண்டு பெண் கவுன்சிலர்கள் முதலில் கை தூக்கினார்கள், மற்றவர்களும் தூக்கினார்கள். அவர்களுக்கு என்ன, அவர்கள் ஊர் ரோடா போகிறது?

ஊரில் கிராமத்தார் என்னைக் கூப்பிட்டார்கள். கோயில் எதிரில் மணலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றேன். மச்சாண்டார்தான் பேசினார்.

"உன்ன ஊரு நிறுத்துச்சு. ஊரு ஜெயிக்க வெச்சுது. ஊரு ரோட்ட எடுத்து எவனுக்கோ குடுக்கறியா நீ?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு நேராகப் பதில் சொன்னேன். "மேட்டு ஆளுங்களும் எனக்கு ஓட்டு போட்டாங்க மாமா. அவுங்க ஓட்ட எண்ணும்போது கழுவிட்டு எண்ணுன்னு நீங்க சொல்லலியே."

அவர் எழுந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தீர்ப்புச் சொன்னார்கள்: குழாய் எங்கள் மீன் காய வைக்கிற களத்தின் ஓரமாகத்தான் போகவேண்டும், அதில் மண்வெட்டி வைக்க ஊர் விடாது. சொன்னபடி செய்தார்கள். கான்ட்ராக்டர் ஆட்கள் குழாயை இறக்கிவிட்டுத் தோண்ட வந்தபோது, ஊர்ப் பையன்கள் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். குழாய்கள் கரையில் வெயிலில் கிடந்தன. நான் பி.டி.ஓ.விடம் ஓடினேன். போலீசைக் கூட்டி வாருங்கள், அரசாங்க வேலையைத் தடுக்கிறார்கள் என்றேன்.

"எதுக்கு மேடம் போலீஸ்? உங்க சொந்தக்காரங்கதானே. பேசி சுமுகமா முடிச்சிக்குங்க."

சுமுகம். அலுவலகத்துக்காரர்கள் கண்டுபிடித்த சொற்களிலேயே எனக்கு ஆகாத சொல் இது. அடிக்கிறவனும் அடி வாங்குகிறவனும் சத்தம் இல்லாமல் இருந்தால் அதற்குப் பெயர் சுமுகம்.

நான் சோர்ந்துபோய் மேட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மங்கா பறியை உதறிக் காய வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு மற்றப் பெண்களைக் கூப்பிட்டாள். அவர்கள் தங்களுக்குள் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு மங்கா என்னிடம் வந்தாள்.

"நாளையிலேருந்து உங்க ஊருக்கு ஒரு எறா வராது. சொல்லிடு உங்க மாமாகிட்ட. ஐஸ் பொட்டில ஐஸ வெச்சிகினு குந்தட்டும்."

"அப்ப பொழப்புக்கு இன்னா பண்ணுவீங்க?"

"அக்கரைக்குப் போயி விக்கறோம். உம் புள்ளகிட்ட படகு கீதுல்ல?"

வேலு ஒரு வார்த்தை மறுக்கவில்லை. தினமும் மேட்டுக் கரைக்குப் படகை விட்டு, அவர்கள் பிடித்த இறாலையும் இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனான். மச்சாண்டார் வீட்டு ஐஸ் பெட்டிகள் காலியாக நின்றன. அவரிடம் வாங்குகிறவர்கள் வேறு ஆளைத் தேட ஆரம்பித்தார்கள். ஊர் எங்களைத் தள்ளி வைத்தது. யாரும் எங்களோடு பேசக்கூடாது, கடையில் சாமான் தரக்கூடாது, வேலுவோடு கடலுக்கு யாரும் போகக்கூடாது. என் ஓரகத்தி, மச்சாண்டாரின் மனைவி, எத்தனையோ வருடம் என்னோடு ஒரே பஸ்ஸில் சந்தைக்கு வந்தவள், என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போனாள். இதையெல்லாம் ஒன்றியத்தில் சொன்னபோது, "கொஞ்ச நாள் போனா சரியாயிடும்" என்றார்கள்.

சில வாரம் கழித்து கிராமத்தார் இறங்கி வந்தார்கள். குழாய் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஊரை அவமதித்ததற்கு நான் கோயில் எதிரில் ஊர் காலில் விழவேண்டும்.

வேலு கூடாது என்றான். நான் கரையில் கிடந்த குழாய்களைப் பார்த்தேன். வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் வெடித்துவிடும். மழை வந்தால் மறுபடியும் ஊற்று. போய் விழுந்தேன். உட்கார்ந்திருந்த ஆண்களின் வரிசைக்கு முன்னால், நெஞ்சு மண்ணில் படக் கிடந்தேன். எழுந்திரு என்று சொல்ல அவர்களுக்கு அவசரம் இருக்கவில்லை. அந்த மண் என் வாய்க்குள் போனது. இப்போது எழுதும்போதும் பல்லில் கரகரக்கிறது. சட்டம் போட்ட ஒரு மன்றத்தின் தீர்மானத்தை நிறைவேற்ற, ஒரு கவுன்சிலர் மண்ணில் கிடக்கவேண்டியிருந்தது. அது எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.

மங்காவுக்கு விஷயம் தெரிந்ததும் நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். சண்டைக்கு வந்தாள்.

"யாரக் கேட்டு வுழுந்த? நாங்க இன்னும் புடிச்சிகினு இருந்தோமில்ல? இன்னும் கொஞ்ச நாள்ல அந்தாளே வந்து மேட்டுல நின்னுருப்பான். எங்க ஜெயிப்ப நீ மண்ணுல போட்டுட்டக்கா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உனக்காக விழுந்தேன், என்னையே திட்டுகிறாயா என்று நானும் கத்தினேன். இரண்டு பேரும் ஏரிக்கரையில் நின்று தொண்டை கட்டுகிறவரை சண்டை போட்டோம். அவள் சொன்னது சரியா, நான் செய்தது சரியா என்று எனக்கு இன்றைக்கும் தீரவில்லை. ஆனால் ஒன்று தெரியும். நாங்கள் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தபோது, திட்டு வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் வீட்டில் நிம்மதியாக இருந்தார்கள்.

குழாய் போட்டு முடித்தார்கள். தண்ணீர் திறக்கிற அன்று பி.டி.ஓ. வந்தார், போட்டோக்காரர் வந்தார். குழாயடியில் மாவிலை கட்டியிருந்தார்கள். முதல் குடம் பிடிக்க மங்காவைக் கூப்பிட்டார்கள். அவள் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி ஒரு வாய் குடித்தாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். "உப்பு கீது" என்றாள். "ஆனா தண்ணிதான்." பிறகு பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து குழாயடியில் காலை நீட்டிக் கழுவினார்கள். குடம் நிரப்புவதற்கு முன்னால் காலைக் கழுவினார்கள். பி.டி.ஓ.வுக்கு அது பிடிக்கவில்லை. "தண்ணிய வீணாக்காதீங்கம்மா" என்றார். அந்தக் கால்களை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்தார். அப்படியும் சொன்னார்.

அடுத்த தேர்தலில் ஊர் வேறு ஆளை நிறுத்தியது. நான் தனியாக நின்றேன். மேடு எனக்குப் போட்டது, ஊர் போடவில்லை. தோற்றேன். புதிதாக வந்த அம்மா நல்லவர்தான். கூட்டத்துக்கு அவர் போகமாட்டார், அவருடைய வீட்டுக்காரர் போவார். அந்தப் பதவிக்காலமும் முடிந்து தனி அலுவலர் வந்தார்.

இந்தக் கோடையில் மேட்டில் மறுபடியும் குழாய் காற்று விட்டது. ஏரியில் படகுச் சவாரிக்கு வருகிறவர்கள் தங்குவதற்கு எங்கள் ஊர்க் களத்தின் பக்கத்தில் ஒரு விடுதி கட்டுகிறார்கள். கட்டுகிறவர்கள் எந்தக் குழாயில் கை வைத்தார்கள் தெரியுமா? வீடுகளுக்குப் போகிற குழாயில் வைத்தால் ஊர் கேட்கும். மேட்டுக் குழாயைத் தோண்டி, அதில் இணைப்புக் கொடுத்து, மோட்டார் வைத்துவிட்டார்கள். சிமெண்ட் குழைப்பதற்குக் குடிதண்ணீர். நான் மனு எடுத்துக்கொண்டு தனி அலுவலரைப் பார்க்கப் போனேன். ஒரு தடவை அவர் கள ஆய்வில் இருந்தார், ஒரு தடவை கூட்டத்தில் இருந்தார். கடைசியில் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. முன்பெல்லாம் கூட்டத்தில் எழுந்து நின்று கத்தவாவது ஒரு கூரை இருந்தது. இப்போது பூட்டிய கதவைப் பார்த்துக் கத்தவேண்டும்.

மங்கா வந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது, வாய் நரைக்கவில்லை. "எழுதிக் குடுத்தியா?" என்றாள். குடுத்தேன் என்றேன். "இன்னா சொன்னாங்க?" சொன்னேன். "அப்ப கெளம்பு."

நட்ட நடுப்பகலில், ஊர் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேரும் போய் மணலைத் தோண்டினோம். விடுதிக்குப் போகிற குழாயை ரம்பத்தால் அறுத்து, மேட்டுக் குழாயின் ஓட்டையில் மூடி போட்டு இறுக்கினோம். வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர்கூடத் தடுக்கவில்லை. ஒருவர் மூடி சரியாக உட்காரவில்லை என்று சொல்லி, தானே வந்து திருகிக் கொடுத்தார். வெயில் சாய்வதற்குள் மேட்டில் தண்ணீர் வந்துவிட்டது.

எத்தனையோ மனுவுக்கு அசையாத அரசாங்கம் அதற்கு உடனே அசைந்தது. பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக எங்கள் இரண்டு பேர் மேலும் வழக்குப் போட்டார்கள்.

அந்தப் பெண்கள் மூவரும் வந்துபோன மறுவாரம் பொன்னேரி கோர்ட்டில் எங்களுக்கு முதல் வாய்தா. வக்கீல் நல்ல பையன். "ஒத்துக்கிட்டா சின்ன அபராதத்தோட முடிஞ்சிடும்மா. இந்த வயசுல எதுக்கு அலைச்சல்?" என்றான். நான் மங்காவைப் பார்த்தேன். அவள் அந்தக் கட்டடத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையில் கோர்ட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

பெயர் கூப்பிட்டார்கள். முதல் எதிரி தேசம்மா. நான் போய் நின்றேன். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். இளம் பெண். நிறுத்தி, புரியும்படி கேட்டார்.

"அந்தக் குழாய் விடுதிக்குப் போனது உண்மைம்மா. அதை எடுத்ததும் உண்மை. குற்றம்னு நான் ஒத்துக்கமாட்டேன்" என்றேன்.

இரண்டாவது எதிரி மங்கா. அவளிடமும் அதையே கேட்டார்கள். மங்கா கை கட்டவில்லை, குனியவில்லை. எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"மொதல்ல அத்த திருத்தி எழுதச் சொல்லுங்கம்மா. இவங்க பைப்ப புடிச்சிகினுதான் இருந்தாங்க. அறுத்தது நானு. எம் பேர மொதல்ல போடுங்க."